கொதிக்கிற பானை

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கோப்பித் தோட்டங்களுக்கு நடந்து போகும் சனங்களுக்குக் கட்டுகஸ்தோட்டை ஆற்றங்கரையில் கஞ்சி விற்றுவந்தேன். வாந்திபேதி பரவியபோது, சாலையோரச் சாப்பாட்டுக் கடைகளை மூடும்படி விதி வந்தது. நான் மூடவில்லை. கண்டிக் கோர்ட்டில் நிறுத்தினார்கள்.

அடுப்பை ஏன் அணைக்கவில்லை என்று நீதவான் துரை கேட்டார்.

"அணைச்சா அவங்க பச்சத் தண்ணியத்தான் குடிப்பாங்க, ஐயா. நடந்து வர்றவங்களுக்குத் தாகம் இருக்காதா?"

சட்டம் கற்பிக்கும் யாழ்ப்பாணத்து ஆசிரியர் ஒருவர் உடனே எழுந்தார். அரசாங்கத்துக்கு அந்த விதியை எழுதிக் கொடுத்தவரே அவர்தான். தொலைந்தோம் என்று நினைத்தேன். துரையிடம் இங்கிலீசில் பேசிவிட்டு, என் பக்கம் திரும்பித் தமிழிலும் சொன்னார்:

"பிழை என்ரதுதான் அம்மா. தண்ணி கொதிக்கிற இடத்தையும் சேர்த்து மூடச் சொல்லிப்போட்டன்."

கோர்ட்டில் அப்படி ஒருவர் சொல்லி நான் கேட்டதேயில்லை. என்னை விட்டுவிட்டார்கள். பிறகு விதியும் மாறியது: வாங்குகிறவர் கண்ணெதிரே பானை கொதித்தால் கடை திறக்கலாம்.

அவர் ஒருநாள் என்னிடமே கஞ்சி குடிக்க வந்தார். கிண்ணத்தை வாங்குமுன் பானைக்குள் எட்டிப் பார்த்தார். வேறு யாராவது அப்படிப் பார்த்திருந்தால் வாயாலேயே கிழித்திருப்பேன். அன்று மட்டும், கொதிப்பதை அவர் நன்றாகப் பார்க்கட்டும் என்று இன்னொரு விறகை அடுப்புக்குள் தள்ளினேன்.