என் பேத்தி எழுதிய "தோட்டக்கார ஆச்சி"க்கு ஒரு திருத்தம்

இன்று காலை போனைத் திறந்தால், என் பேத்தி என்னைப் பற்றி ஒரு போஸ்ட் போட்டிருக்கிறாள்!

"எங்கள் ஆச்சி ஒரு நர்ஸ். செடிகொடிகளை உயிராய் நேசித்தவர்."

நேசித்தவராம்! (கமெண்டில் இரண்டு பேர் ஆழ்ந்த இரங்கல் போட்டுவிட்டார்கள். நான் இன்னும் சாகவில்லை!)

உடனே அவளைக் கூப்பிட்டேன்.

"ஆச்சி, ஒங்க பொறந்தநாளுக்கு சர்ப்ரைஸ் ஆச்சி!"

சரி, அதுகூடப் போகட்டும். செடி விஷயம்தான் எனக்குப் பொறுக்கவில்லை. எனக்குச் செடி என்றாலே ஆகாது. நகக்கண்ணில் மண் ஏறினால் எந்த நர்ஸுக்குப் பிடிக்கும்?

அப்படியானால், பேத்தி போட்டிருக்கும் கறுப்பு வெள்ளைப் படத்தில் நான் ஏன் முருங்கைகளுக்கு நடுவே நிற்கிறேன்? சொல்கிறேன்.

எழுபதுகள். நாசரேத்தில் வளர்ந்து நர்ஸுக்குப் படித்த என்னை, பெரியதாழைக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊருக்கு அனுப்பினார்கள். நான் குடியிருந்த வீட்டிலேயே முன்பக்கம் ஓர் அறை, ஒரு ஸ்டூல், ஓர் எடை மெஷின். கர்ப்பிணிகளைப் பார்ப்பதுதான் என் வேலை.

ஒரு மாதமாக ஓர் ஆள்கூட வரவில்லை!

குடும்பக் கட்டுப்பாட்டுப் பேச்சு அடிபட்ட நேரம். "நர்ஸம்மா வாசல மிதிச்சா ஊசியப் போட்டு வயித்த அடைச்சிருவா" என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். என் வாசல் பக்கம் திரும்பிய பெண்ணைத் தெருவே ஒரு மாதிரி பார்க்கும்.

பின்பக்கம், என் வீட்டுக் குழம்புக்காக ஊன்றிய முருங்கைக் கம்பு ஒன்று தழைத்திருந்தது. ஒருநாள் ஒரு பெண் வந்து, "ரெண்டு கொத்துக் கீரை ஒடிச்சுக்கிடட்டா?" என்று கேட்டாள்.

ஒடித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமலே மெல்லச் சொன்னாள். "நர்ஸம்மா, ரெண்டு மாசமா ஒரே தலசுத்தலா இருக்கு."

எனக்குப் பொறி தட்டியது. நர்ஸைப் பார்க்கப் போகிறேன் என்றால் வீட்டில் விடமாட்டார்கள். கீரைக்குப் போகிறேன் என்றால் யார் தடுக்கப்போகிறார்கள்?

அந்த வாரமே பத்துப் பன்னிரண்டு கம்பு ஊன்றினேன். பாதி உப்புக்காற்றில் கருகியது. மீதியை ஆடு தின்றது. மறுபடியும் ஊன்றினேன்! நல்ல தண்ணீர்க் கிணற்றிலிருந்து குடம் குடமாகச் சுமந்தேன். திட்டிக்கொண்டேதான் சுமந்தேன். ஆனால் தழைத்தது. பெண்களும் வந்தார்கள். மீன் பிடிக்கத் தூண்டில் போடுகிற ஊரில் நான் கீரையைப் போட்டேன், அவ்வளவுதான்.

அப்படி வந்தவள்தான் பிலோமினா. ஆறு மாதம். முன்னால் பெற்ற இரண்டு பிள்ளைகளும் பிறந்த அன்றைக்கே போய்விட்டன. அவள் கண் இமையை இழுத்துப் பார்த்தேன். வெளிறிப்போயிருந்தது.

"இந்தப் பிள்ளையாவது தங்குமா நர்ஸம்மா?"

"தங்க வைப்போம்ளா. சத்து மாத்திரை தாரேன், தெனம் ஒண்ணு முழுங்கு. பேறுகாலத்துக்குத் தூத்துக்குடி பெரியாஸ்பத்திரிக்குப் போயிரணும்."

"எங்க மாமியாருக்குத் தெரிஞ்சா கொன்னு போட்டுருவாங்க!"

அதனால் மாத்திரையைக் காகிதத்தில் மடித்துக் கீரைக்கட்டுக்குள் வைத்துக் கொடுத்தேன்.

நாலாம் நாள், மாமியார் கீரை ஆயும்போது பொட்டலம் சுளகில் விழுந்துவிட்டது!

அந்த அம்மா என் வாசலில் வந்து நின்று போட்ட சத்தம் கடல்வரை கேட்டிருக்கும். "ஏளா! கீரைக்குள்ள என்னத்தளா வச்சுக் குடுக்க? எங்க வம்சத்தக் கருவறுக்கவா இங்கன வந்த?"

அத்தோடு கூட்டம் நின்றது. பிலோமினாவும் வரவில்லை. கீரை மரத்திலேயே முற்றியது.

நன்றாக அழுதேன். மறைத்துக் கொடுத்தது என் தப்பு. மறைத்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? அழுது முடித்து, முகத்தைக் கழுவி, யூனிபார்மை மாட்டிக்கொண்டு, பட்டப்பகலில் மாத்திரை டப்பாவோடு அவர்கள் வீட்டுக்கே போனேன். தெருவே பின்னால் வந்தது.

"பெரியம்மா, ஒளிச்சுக் குடுத்தது எந் தப்புதான். ஆனா மாத்திரையில ஒரு தப்பும் இல்ல. இந்தா, நானே முழுங்குதேன் பாருங்க."

முழுங்கினேன்.

"நீ முழுங்கினா ஒனக்கு என்ன ஆவப்போவுது?"

"நானும் முழுகாமதான் இருக்கேன் பெரியம்மா. மூணு மாசம்."

பின்னால் நின்ற தெரு முன்னால் நெருங்கி வந்தது!

(இது என் புருஷனுக்கே அப்போது தெரியாது. திருச்செந்தூரில் வாத்தியார், சனிக்கிழமைதான் வருவார். ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. அதற்குத் தனிச் சண்டை!)

"வயித்துப் பிள்ள மேல சத்தியமாச் சொல்லுதியா?"

சத்தியம் பண்ணக்கூடாது என்று வளர்க்கப்பட்டவள் நான். அன்றைக்குப் பண்ணினேன்.

"அப்பம் நாளைக்கும் வா. அவ முழுங்கும்போது நீயும் முழுங்கணும். நான் பாக்கணும்."

தினமும் போனேன். எனக்கோ கடும் மசக்கை. அந்த மாத்திரை வயிற்றைப் புரட்டி எடுக்கும். அங்கே வாந்தி எடுத்தால் எல்லாம் போச்சு! பல்லைக் கடித்துக்கொண்டு தெருமுனை தாண்டும்வரை நடந்துவிடுவேன். ஒருநாள்கூட நான் விடவில்லை. அந்த அம்மாவும் விடவில்லை.

பிலோமினாவுக்கு ஒன்பதாம் மாதம் ஆனதும், அந்த அம்மாவே சொன்னார்கள். "தூத்துக்குடிக்கு நீயும் கூட வரணும்."

திருச்செந்தூரில் பஸ் மாறி, என் வயிறும் அவள் வயிறுமாக இடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தோம். பெண் குழந்தை. அன்று முழுக்க அந்த அம்மா உட்காரவே இல்லை, பிள்ளையின் மூக்கில் விரலை வைத்து வைத்துப் பார்த்தார்கள். மறுநாள் காலையிலும் பிள்ளை அழுதது. அதற்குப் பிறகுதான் அவர்களும் அழுதார்கள். நானும்தான்.

ஊர் திரும்பிய வாரம், ஐந்தாறு பெண்கள் கூடையோடு என் வீட்டுப் பின்பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா நடுத்தெருவில் பேத்தியை ஏந்திக்கொண்டு வழிமறித்தார்கள்.

"எங்களா போறீங்க?"

"கீரைக்கு..."

"என்னத்தக் கீரைக்கு? நர்ஸம்மாட்ட வயித்தக் காட்டப் போறேன்னு வாயத் தொறந்து சொல்லுங்க! முன்வாசல் வழியாப் போங்க!"

அன்றைக்கு ஒருத்திகூடக் கீரை பறிக்கவில்லை!