என் வாயை மோந்து பார்த்தவர்கள்

அன்றைக்கு நடுரோட்டில் என் வாயை மோந்து பார்த்தவர்கள் இவர்கள். முதலில் என் கண்டக்டர். அடுத்து, ஸ்ரீரங்கம் ஸ்டாப்பில் டீக்கடை வைத்திருந்தவர். மூன்றாவது, திருவெள்ளறை கோயிலுக்குப் போக முன்சீட்டில் இருந்த ஐயங்கார். நாலாவது, ஸ்டாப்பில் வண்டி நேரம் குறிக்கிற கம்பெனி டைம் கீப்பர். ஐந்தாவது, மேனேஜர். முதலாளிக்கு மைத்துனர். ஆறாவது, போலீஸ்காரர்.

நான் திருச்சி துறையூர் பஸ் ஓட்டினேன். தனியார் வண்டி. மதுவிலக்கு இருந்த காலம் அது. சாராயம் கிடைக்காதவன் மேஜை நாற்காலிக்குப் பூசுகிற வார்னிஷைக் குடித்தான். எங்கள் ஷெட்டிலும் வார்னிஷ் டின் இருந்தது. அதனால் டிரைவர் கொஞ்சம் தள்ளாடினால் வாயை மோந்து பார்ப்பார்கள்.

என் அப்பா குடித்துச் செத்தவர். நான் பெண் கேட்டுப் போனபோது மாமனார் ஒன்றுதான் கேட்டார். "நீங்க குடிப்பீங்களா?" தொட்டதில்லை, தொடமாட்டேன் என்றேன். அதை நம்பிக் கொடுத்தார். எனக்கு நிலம் இல்லை. படிப்பு நாலாம் வகுப்பு. அந்தச் சொல் ஒன்றுதான் என் கையில் இருந்தது.

கல்யாணமாகி மூன்றாம் வருஷம் சர்க்கரை வியாதி வந்தது. ஒல்லியான உடம்பு, இன்னும் ஒல்லியானது. பெரியாஸ்பத்திரியில் தினமும் ஊசி போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். சோறு அளந்து சாப்பிடச் சொன்னார்கள். ஊசி மருந்தை ஒரு டம்ளரில் வைத்துத் தண்ணீர்ப் பானைக்குள் இறக்கி வைப்போம். நானே தொடையில் குத்திக்கொள்வேன். இப்படி ஆறேழு வருஷம் போனது. கம்பெனியில் சொல்லவில்லை. சொன்னால் ஸ்டீயரிங்கை விட்டு இறக்கிவிடுவார்கள்.

மேனேஜர் ஒருவருக்குத் தெரியும். ஷெட்டில் நான் ஊசி போடும்போது பார்த்துவிட்டார். யாரிடமும் சொல்லமாட்டேன் என்றார். சொல்லவும் இல்லை. அதற்குப் பதிலாக எனக்கு வைத்தியம் பார்க்க ஆரம்பித்தார்.

அவர் குண்டு மனுஷர். ஏதோ வெளிநாட்டுப் புத்தகம் படித்துவிட்டுச் சோற்றை நிறுத்தியிருந்தார். இட்லி இல்லை, தோசை இல்லை, பழம் இல்லை. முட்டை, கறி, நெய், வெண்ணெய். தொப்பை இறங்கியது. பெல்ட்டில் புதுசாக ஓட்டை போட்டுக்கொண்டு, வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் காட்டினார்.

"சோறுதான்யா விஷம்," என்றார் என்னிடம். "உனக்குச் சர்க்கரை. சோறு சர்க்கரையாத்தான் மாறுது. வேரை வெட்டு."

வெட்டினேன். காலையில் மூன்று முட்டை. மத்தியானம் கறி, கீரை. ராத்திரி திரும்பவும் முட்டை, நெய். என் மனைவிக்குப் பிடிக்கவில்லை. "சோறு தின்னாத மனுஷன் உண்டா? நெய்யைக் குடிக்கிறீங்க, கோயில் விளக்கு மாதிரி," என்றாள். ஆனாலும் பொரித்துக் கொடுத்தாள்.

பொய் சொல்லக்கூடாது. முதல் மூன்று வாரம் நன்றாக இருந்தது. ஒன்றுக்குப் போனதைக் கண்ணாடிக் குழாயில் பிடித்து, நீல மருந்து விட்டுக் காய்ச்சிப் பார்ப்பேன். சர்க்கரை இருந்தால் பச்சை, மஞ்சள், செங்கல் சிவப்பு என்று மாறும். எனக்கு நீலம் நீலமாகவே நின்றது. கெண்டைக்கால் இழுத்தது. மலச்சிக்கல். எழுந்தால் தலை சுற்றியது. அதையெல்லாம் நான் கணக்கில் எடுக்கவில்லை. நீலத்தை மட்டும் பார்த்தேன்.

மேனேஜரிடம் சொன்னேன். சிரித்தார்.

"சோறே திங்கல. சர்க்கரை எங்கேருந்து வரும்? அப்புறம் எதுக்குய்யா ஊசி? டாக்டருங்க ஊசியை விடச் சொல்லமாட்டானுங்க."

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஊசியை நிறுத்தினேன். காய்ச்சிப் பார்ப்பதையும் நிறுத்தினேன். மனைவியிடம் சொல்லவில்லை. காலையில் ஊசியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போவேன். சும்மா நின்றுவிட்டு வருவேன். சொல் தவறாதவன் என்று பெருமைப்பட்டவன் செய்த வேலை அது.

மூன்றாம் நாள் தாகம். சொம்பு சொம்பாகக் குடித்தேன். நாலாம் நாள் வயிற்று வலி. ஐந்தாம் நாள் காலை வண்டியை எடுத்தேன். எடுத்திருக்கக்கூடாது. மேனேஜரும் அன்றைக்குத் துறையூர் ஆபீசுக்குப் போக ஏறியிருந்தார். காவிரிப் பாலம் தாண்டும்போது ரோடு ரெண்டாகத் தெரிந்தது. ஸ்ரீரங்கம் ஸ்டாப்பில் ஓரம் கட்டிவிட்டு இறங்கிக் குழாயடியில் வாந்தி எடுத்தேன்.

கண்டக்டர் ஓடி வந்தான். "அண்ணே, என்னண்ணே ஆச்சு?" கிட்டே குனிந்தான். நிமிர்ந்துவிட்டான். "அண்ணே... நீங்களா?"

டீக்கடைக்காரர் தண்ணீர் கொண்டு வந்தார். மோந்தார். "வண்டிக்கு டீசல், டிரைவருக்கு வார்னிஷா?" என்றார். நாலு பேர் சிரித்தார்கள்.

ஐயங்கார் குனிந்து மோந்துவிட்டு மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். "பெருமாளே, இவனை நம்பியா இத்தனை பேர் ஏறினோம். கொள்ளிடத்துல கொண்டுபோய் விட்டிருப்பன்."

டைம் கீப்பர் மோந்துவிட்டு நோட்டில் எழுத ஆரம்பித்தார். எனக்குப் பேச வரவில்லை. மூச்சு இரைத்தது. ஓடி வந்தவன் மாதிரி இரைத்தது. மேனேஜர் இறங்கி வந்தார். அவரைப் பார்த்ததும் தெம்பு வந்தது. இவருக்குத் தெரியும். இவர் சொல்லிவிடுவார்.

"நீங்க சொல்லுங்க சார்," என்றேன். "ஊசி..."

அவர் குனிந்து மோந்தார். ஒரு நிமிஷம் என் கண்ணைப் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்தார்.

"நான் என்னத்தச் சொல்ல? வார்னிஷ்தான். ஷெட்டு டின்னை எண்ணிப் பாருங்க."

போலீஸ்காரர் வந்தார். "ஊதுய்யா," என்றார். ஊதினேன். கன்னத்தில் ஒரு அறை விட்டு ஜட்கா வண்டியில் ஏற்றினார்.

குடித்தவன் என்று கேஸ் எழுத டாக்டர் சர்டிபிகேட் வேண்டும். அதனால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அந்தச் சட்டம் இல்லாமல் நேராக லாக்கப்பில் போட்டிருந்தால் இதை எழுத நான் இல்லை.

அங்கே ஒரு டாக்டரம்மா. அவரும் மோந்து பார்த்தார். பிறகு, அந்த ஆறு பேரும் கேட்காததைக் கேட்டார்.

"என்ன சாப்பிட்ட?"

"முட்டைங்க."

"சோறு?"

"இல்லைங்க. ஒரு மாசமா இல்லைங்க."

என் தொடையைப் பார்த்தார். ஊசி குத்திய தழும்பு இருந்தது. "ஊசி போட்டு எத்தனை நாளாச்சு?"

"அஞ்சு."

அவர் போலீஸ்காரர் பக்கம் திரும்பினார். "இவர் குடிக்கல. இன்னும் கொஞ்ச நேரம் வச்சிருந்தீங்கன்னா பொணத்துக்குத்தான் சர்டிபிகேட் எழுதியிருப்பேன்."

பிறகு ரெண்டு நாள் எனக்கு ஒன்றும் தெரியாது. கண் விழித்தபோது மனைவி பக்கத்தில் இருந்தாள். அவளுக்கு டாக்டரம்மா எல்லாம் சொல்லியிருந்தார். "கொல்லையில போய் நின்னுட்டு வந்தீங்களாக்கும்," என்றாள். ஊரில் அவள் அண்ணன் காதுக்கு வேறு செய்தி போயிருந்தது. குடித்துவிட்டு பஸ்ஸை ஆற்றில் விடப் பார்த்தானாம்.

எழுந்து உட்கார்ந்த அன்றைக்கு டாக்டரம்மா விளக்கினார். "ஊசி மருந்து இல்லாம உடம்பு சர்க்கரையை எரிக்க முடியாது. கொழுப்பை எடுத்து எரிக்குது. அடுப்புக்கு விறகு இல்லாம கூரையைப் பிடுங்கி எரிக்கிற மாதிரி. அந்தப் புகைதான் உன் வாயில வார்னிஷ் மாதிரி வந்த வாடை. ரத்தமே புளிச்சுப்போச்சு."

"சோத்தை விட்டது தப்புங்களா?"

"கேக்காம விட்டது தப்பு. ஊசியை நிறுத்தினது கொலை. சோத்தை விட்டுட்டு ஊசியைப் பழைய அளவே போட்டிருந்தாலும் சர்க்கரை சட்டுனு இறங்கி ஸ்டீயரிங்லயே சாய்ஞ்சிருப்ப. குறைக்கிறதுன்னா டாக்டர் பார்த்து ரெண்டையும் சேர்த்துக் குறைக்கணும். உங்க மேனேஜருக்கு இருந்தது தொப்பை. உனக்கு இருக்கிறது வியாதி."

இன்றைக்கும் நான் சோற்றை அளந்துதான் தின்கிறேன். குறைவாகவே தின்கிறேன். அதில் எனக்குச் சண்டை இல்லை. தன் தொப்பையை வைத்து அடுத்தவன் உயிருக்கு வைத்தியம் சொன்னானே, அவனோடுதான் சண்டை. சொன்னவனே அந்த வாடை அடித்தபோது வார்னிஷ் என்றானே, அதற்குத்தான் சண்டை. வயசாகிவிட்டது. ஆறவில்லை.

ஆஸ்பத்திரியில் கடிதம் ஒன்று எழுதிக் கொடுத்தார்கள். இங்கிலீஷில், சீல் வைத்து. கேஸ் இல்லாமல் போனது. கம்பெனி என்னை ஷெட்டில் போட்டது. சர்க்கரைக்காரன் ஸ்டீயரிங் பிடிக்கக்கூடாது என்றார்கள். அது நியாயம். வாங்கிக்கொண்டேன். ஆனால் குடிகாரன் என்ற சொல் என் மேல் இருந்தது. உங்கப்பா குடிப்பாரா என்று என் மகனிடம் ஸ்கூலில் கேட்டார்கள். மாமனார் என் வீட்டுப் படி மிதிக்கவில்லை.

கடிதத்தை எடுத்துக்கொண்டு அந்த ஆறு பேரையும் தேடிப் போனேன்.

கண்டக்டர் கையில் வாங்கவில்லை. "விடுங்கண்ணே, யாரு இப்ப அதைப் பேசுறா?"

டீக்கடைக்காரர் டீ கொடுத்தார். "சர்க்கரை போடல," என்று சிரித்தார். குடிக்காமல் வந்தேன்.

டைம் கீப்பர் நோட்டில் எழுதியதை அடிக்க முடியாது என்றார். போலீஸ்காரர் மாற்றலாகிப் போயிருந்தார்.

மேனேஜர் முழுசாகப் படித்தார். அவருக்கு இங்கிலீஷ் தெரியும். மடித்துக் கொடுத்தார். "ஊசியை விடுன்னு நானா சொன்னேன்? சும்மா பேச்சுக்குச் சொன்னது. ஒருத்தன் சொன்னா செஞ்சுடுவியா?" அவர் மேஜையில் அப்போதும் அவித்த முட்டை இருந்தது. வேறொரு டிரைவர் எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். அவனிடம் சொன்னேன், "இந்தாளு பேச்சைக் கேட்டுத்தான் செத்துப் பொழைச்சேன்." பிறகு வெளியே வந்தேன்.

ஐயங்காரைக் கடைசியாகப் பார்த்தேன். அதே ஸ்டாப்பில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடிதத்தை ரெண்டு தடவை படித்தார். பிறகு அங்கேயே, டீக்கடைப் பக்கம் திரும்பி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"இவர் குடிக்கலை. நான் சொன்னது அபசாரம்."

நடுரோட்டில் மோந்து பார்த்தவர்கள் ஆறு பேர். அவர்களில், குடிக்கவில்லை என்று சொன்னவர் ஒருவர்.