வீட்டில் வாசிக்காத ஹஸ்னா

பின்னேரங்களில் சின்னப் பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லிக் கொடுக்கிறேன். இன்று காலை எங்கள் ஊர் எத்தாளையில் பேக்கரிக்குப் பாண் வாங்கப் போன இடத்தில், மூன்றாம் ஆண்டு படிக்கும் ஹஸ்னாவின் வாப்பா என்னை மறித்தார்.

"டீச்சர், மகள் வீட்டுல ஒரு எழுத்தும் வாசிக்கிறா இல்லையே. கிளாஸ நிப்பாட்டுவமா எண்டு யோசிக்கிறேன்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்னிடம் வரும் பிள்ளைகளில் தடங்கல் இல்லாமல் வாசிப்பவள் அவள்தான். குழப்பத்தில் பாண் வாங்காமலே வந்துவிட்டேன்.

பின்னேரம் அவளிடம் ஒரு புதுக் கதையைக் கொடுத்தேன். மளமளவென்று வாசித்து முடித்தாள்.

"அப்ப ஏன் வீட்டுல வாசிக்கிற இல்ல?"

"எனக்கு வாசிக்க ஏலாது எண்டு நினைச்சுத்தான் வாப்பா வாசிச்சுக் காட்டுறாரு, டீச்சர். கடலுக்குப் போய் வந்து, எழுத்துக்கூட்டி வாசிப்பாரு. பிழை விட்டா அவரே சிரிப்பாரு. எனக்குத் தெரியும் எண்டா நிப்பாட்டிருவாரு. அவருக்கிட்டச் சொல்லிராதீங்க."

அவளைக் கூட்டிப்போக வந்த வாப்பா, காலையில் விட்ட பேச்சைத் திரும்பவும் எடுத்தார்.

"என்ன டீச்சர், வாசிப்பாளா?"

ஹஸ்னா என் முகத்தையே பார்த்தாள்.

"வாசிப்பா. கொஞ்சம் காலம் எடுக்கும். அதுவரைக்கும் நீங்க வாசிச்சுக் காட்டுறத விட்டுராதீங்க."

அவர் கொஞ்சம் வெட்கப்பட்டார். "அப்ப நான் வாசிக்கிறது சரியோ எண்டு பாக்க, நானும் கிளாஸுக்கு வந்து இருக்கவா?"

ஓம், வாங்க என்று சொல்லிவிட்டேன்.

நாளைக்கு அவர் வருகிறார். வாசிக்கத் தெரிந்த பிள்ளையை, வாப்பாவுக்கு முன்னால் வாசிக்காமல் வைத்திருப்பது எப்படி? தெரிந்த டீச்சர்மார் யாராவது சொல்லுங்கள்.