சட்டிக்குள் ஓர் இரும்புச் சில்லு

என் அக்கா எல்லம்மாவின் கணவர் செங்கல்வராயன், தன் தோணியை விற்றுவிட்டு ஒரு துருப்பிடித்த ஜீப்பை வீட்டுக்குக் கொண்டுவந்தது 1974ஆம் ஆண்டு மாசி மாதம். இரண்டு தோணிகளைச் சேர்த்துக் கட்டி, குறுக்கே பலகை பரப்பி, அதன்மேல் ஜீப்பை ஏற்றி ஏரியைக் கடந்தார்கள். அந்த இரண்டில் ஒன்று அவர் விற்ற தோணி. வாங்கியவன் அன்று ஒருநாள் மட்டும் இரவலாகக் கொடுத்திருந்தான்.

எங்கள் குப்பம் பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மணல்திட்டில் இருக்கிறது. அதுவரை அங்கே சைக்கிள்கூட வந்ததில்லை. மணலில் இறக்கியதும் ஜீப் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. டயர் இல்லை. இருக்கை இருந்த இடத்தில் நெருஞ்சி முளைத்திருந்தது. எஞ்சினுக்குள் குளவி கூடு கட்டியிருந்தது. எழுபத்தொன்றில் நடந்த பாகிஸ்தான் சண்டை முடிந்ததும் ராணுவம் ஏலம் விட்ட வண்டியாம். கும்மிடிப்பூண்டியில் புதிதாகத் தொழிற்சாலைகளுக்குச் சுற்றுச்சுவர் எழுப்பிய ஒரு காண்ட்ராக்டர் அதை ஓட்டியே சாகடித்து, கருவேல முள்ளுக்குள் தள்ளிவிட்டுப் போயிருந்தார். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி, லாரி புதைகிற மணலிலும் இது போகும் என்று அங்கே வேலை பார்த்தவர்கள் சொன்னதை மாமா பிடித்துக்கொண்டார்.

அவருக்கு வேறு வழி இல்லாமல் இருந்தது. முந்தைய ஆண்டு ஒரு திருக்கை மீன் இடது கணுக்காலில் முள்ளை ஏற்றிவிட்டது. பொன்னேரி ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் கிடந்தார். கால் தப்பியது, ஆனால் சேற்றில் ஊன்றி நிற்க முடியாது. இடுப்பளவு தண்ணீரில் வலை இழுப்பது, தோணியில் நின்று கழி ஊன்றுவது எல்லாம் முடிந்துபோயின.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. எங்கள் ஊரில் ஏரி யாருக்கும் சொந்தமில்லை, முறைதான் சொந்தம். அதைப் பாடு என்போம். இறால் நன்றாகப் பாயும் இடங்களில் எந்த வீட்டார் எந்த நாளில் வலை கட்டலாம் என்பதை ஆவணி அமாவாசை அன்று ஊர் கூடி முடிவு செய்யும். ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் தோணியிலிருந்து ஒரு சின்ன மரச் சில்லை வெட்டி, தங்கள் அடையாளக் கோட்டைக் கீறி, வாய் குறுகிய ஒரு மண் சட்டிக்குள் போடுவார்கள். ஊர்த்தலைவர் சட்டியைச் சாய்த்துக் குலுக்குவார். சில்லுகள் விழுகிற வரிசைதான் முறை வரிசை. முறை இருந்தால், ஒருவன் தானே போக முடியாவிட்டாலும் அந்த நாளுக்கு ஆளை வைத்து வலை கட்டலாம். சில்லு போடாதவனுக்கு முறை இல்லை. ஊர்க்கூட்டத்தில் உட்காரவும் இடமில்லை, ஓரமாக நின்று கேட்கலாம்.

ஜீப் வந்து இறங்கிய மாலையே ஊர்த்தலைவர் அருணகிரி வந்து பார்த்தார். அவர் கெட்டவர் அல்ல. மாமாவுக்குப் பெரியப்பா முறை. தோணி இல்லாதவன் சில்லு போட முடியாது, இது நான் வைத்த சட்டம் இல்லை என்று அமைதியாகச் சொன்னார். மாமா டயர் இல்லாத சக்கரத்தின்மேல் கையை வைத்துக்கொண்டு கேட்டார்.

"தோணி இன்னா செய்யுது? மீன அக்கரைல சேக்குது. அத இது செஞ்சா?"

அருணகிரி ஜீப்பைச் சுற்றி ஒரு நடை நடந்தார். "செய்யட்டும். அமாவாசைக்குள்ள, ஊரு மீன ஏத்திக்கினு, தன் கால்ல ஏரியத் தாண்டி ரோட்டுக்குப் போவட்டும். அப்ப பேசலாம் நைனா."

அப்படித்தான் அந்த ஆறு மாதம் தொடங்கியது.

நான் அப்போது பி.எஸ்ஸி. முடித்துவிட்டு அக்கா வீட்டில் இருந்தேன். எங்கள் குப்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் என்று பெயர். வாரத்தில் நான்கு நாள் தோணியிலும் பஸ்சிலும் ரயிலிலும் ஏறி கும்மிடிப்பூண்டிக்குப் போய், ஒவ்வொரு தொழிற்சாலை வாசலிலும் சான்றிதழைக் காட்டிவிட்டுத் திரும்புவேன். போகும்போதெல்லாம் மாமா ஒரு சாமானின் பெயரைச் சொல்லி அனுப்புவார். நான் வேலை இல்லாமல் திரும்பினாலும் கையில் ஒரு பேரிங்கோ பிளக்கோ பழைய டயரோ இருக்கும். வெறுங்கையோடு வரவில்லை என்பதில் எனக்கு ஓர் ஆறுதல் இருந்தது. அது யாருடைய ஆறுதல் என்று நான் யோசித்ததில்லை.

மாமாவுக்கு எஞ்சின் தெரியாது. பொன்னேரியில் ஒரு ஷெட்டில் போய் உட்கார்ந்து நாள் முழுக்கப் பார்ப்பார். மறுநாள் வீட்டு வாசலில், பார்த்த அளவுக்குக் கழற்றுவார். கழற்றிய வரிசையிலேயே எல்லாவற்றையும் பழைய வலையின்மேல் பரப்பி வைப்பார். யாரும் தாண்டக் கூடாது. துருவைக் கிளிஞ்சல் ஓட்டாலும் மண்ணெண்ணெயாலும் சுரண்டினார். சுரண்டிய இடம் உப்புக் காற்றில் மறுநாளே சிவந்துவிடும். பிறகு தோணிக்குப் பூசுகிற சுறா ஈரல் எண்ணெயை எடுத்து வண்டியின் அடிச்சட்டம் முழுவதும் பூசினார். துரு நின்றது. நாற்றம் நிற்கவில்லை.

"ஊரு பூனைங்க எல்லாம் நம்ம ஊட்லதான் குடித்தனம் பண்ணுதுங்க" என்று அக்கா என்னிடம் புலம்பினாள். "ராவுல வண்டிக்கு அடியில ஒரே சண்ட. பேஜாரு."

போகிறவர்கள், வருகிறவர்கள் எல்லாரும் தேர் எப்போது ஓடும் என்று கேட்டார்கள். மாமா தலையைத் தூக்காமல், உன் மகள் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்பு இதில்தான் என்பார். சிரித்துக்கொண்டு சொல்வதில்லை. அதனால் கேட்டவர்களும் சிரிக்க முடியாது.

தரைத் தகடு சல்லடையாக இருந்தது. டின் தகடுகளை வெட்டி ஒட்டுப்போட்டார். துரு தின்ற ஓட்டைகளுக்கு நடுவே, வண்டியைச் செய்தவர்களே விட்டிருந்த இரண்டு வட்டத் துளைகளும் இருந்தன. எதற்கு என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. அடியில் ஓட்டை இருக்கலாமா என்று அவர் கேட்டார். கூடாது என்றுதான் எனக்கும் தோன்றியது. பஞ்சும் குங்கிலியமும் சேர்த்து, தோணிக்கு அடைப்பதுபோல் இரண்டையும் அடைத்தார். கதவில்லாத பக்கங்களிலும் பலகை வைத்து இடுக்குகளை அடைத்தார். உள்ளே நான்கு குடம் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். ஒரு சொட்டு ஒழுகவில்லை. அன்று ராத்திரி அவர் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார்.

ஆனி மாதம் எஞ்சின் உயிர் பிடித்தது. புகைக் குழாயைக் கழிபோல் மேலே உயர்த்திக் கட்டினார். தண்ணீர் பட்டால் தீப்பொறி செத்துவிடும் என்று மின்கம்பிகள் சேருமிடத்தை சைக்கிள் டியூபால் சுற்றிக் கிரீஸ் அப்பினார். கிளட்ச்சைக் கணுக்காலால் அழுத்த முடியாது. குதிகாலால் உதைக்கப் பழகினார்.

அமாவாசைக்கு இரண்டு நாள் முன்பு, வெயில் ஏறியதும் புறப்பாடு. ஏரி வற்றியிருந்த காலம். அக்கரைவரை முழங்காலுக்குக் கீழேதான் தண்ணீர், நடுவில் ஒரு கால்வாய் மட்டும் தொடைக்கு மேலே. ஊரே கரையில் நின்றது. யாருடைய கூடையை ஏற்றுவது என்ற பேச்சு வந்தபோது ஒருவரும் முன்வரவில்லை. அக்கா தன் இறால் கூடையைத் தூக்கிவைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே ஏறி உட்கார்ந்தாள். அவளைப் பார்த்து, மீன் விற்கிற குப்பாயி தன் இரண்டு கூடைகளை ஏற்றினாள். போனால் போகட்டும், ஒருநாள் மீன்தானே என்றாள். பிறகு ஏழெட்டுக் கூடைகள் ஏறின.

நான் பக்கத்தில் நடந்தேன். மணலில் ஜீப் நண்டுபோல் பிடித்துக்கொண்டு போனது. தண்ணீரிலும் போனது. கால்வாயில் இறங்கி நாலு கஜம் போனதும் பின்பக்கம் மெல்லத் தூக்கியது. எஞ்சின் உறுமியது, சக்கரம் சுற்றியது, வண்டி முன்னே போகவில்லை. நீரோட்டம் பின்பக்கத்தைப் பக்கவாட்டில் தள்ளத் தொடங்கியது. ஜீப் மிதந்தது.

கரையில் முதலில் ஒருவன் சிரித்தான், பிறகு எல்லாரும். "ஒத்துக்கிறோம்பா, அது தோணிதான்" என்று ஒரு குரல். "ஒரு கழி குடுங்கடா, ஊனட்டும்" என்று இன்னொன்று.

பொருள் ஏன் மிதக்கிறது என்று நான் பரீட்சையில் இரண்டு பக்கம் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவன். இடுப்பளவு தண்ணீரில், கண்முன்னே மிதக்கிற ஒன்றைக் கையால் தள்ளிக்கொண்டு, இது ஏன் போகமாட்டேன் என்கிறது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

மாமா எஞ்சினை அணைக்கவில்லை. குனிந்து, வலை அறுக்கும் கத்தியை எடுத்து, காலடியில் தான் அடைத்த பஞ்சைக் குத்திப் பிடுங்கினார். தண்ணீர் ஊற்றுபோல் பொங்கியது. அக்கா கூடையைப் பிடித்தபடி, புத்தி கெட்டுப்போச்சா, ஓட்டைய நீயே பொளக்கறியே என்றாள்.

"மெதக்கறதுக்காடி ஆறு மாசம் துரு சொரண்டனேன்?" என்றார் அவர். "எறங்கட்டும். தரையத் தொட்டாத்தான் இது வண்டி."

இரண்டாவது துளையையும் பிடுங்கினார். பலகையையும் உதைத்துத் தள்ளினார். தண்ணீர் அவர் மடிவரை ஏறியது. கூடைகள் நனைந்தன. பிறந்ததிலிருந்து அடிப்பலகையில் ஈரம் கண்டாலே பதறி அடைத்த மனிதர், வண்டிக்குள் தண்ணீர் ஏறுவதை ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு காத்திருந்து பார்த்தார். ஜீப் கனத்து இறங்கியது. ஒரு குலுக்கல். சக்கரம் சேற்றுக்கு அடியில் இருந்த கெட்டி மணலைக் கவ்வியது. நான்கும் சேர்ந்து இழுக்க, கால்வாயின் மறுகரையில் வண்டி ஏறியபோது அந்த இரண்டு துளைகளின் வழியாகவே தண்ணீர் கீழே கொட்டிக்கொண்டிருந்தது. அவை எதற்கென்று அப்போது எங்களுக்குத் தெரிந்தது.

கரையில் சிரிப்பு நின்றிருந்தது. மாமா திரும்பிப் பார்க்கவில்லை. ரோட்டில் ஐஸ் லாரி நிற்கிற இடம்வரை போய்க் கூடைகளை இறக்கிவிட்டு, அதே தண்ணீரில் அதே வழியாக வீட்டுக்கு ஓட்டிவந்தார். மறுநாள் வாசலில் உட்கார்ந்து, துளைகள் இன்னும் பெரிதாக இருக்க வேண்டும் என்று உளியால் ஒன்றை அகலமாக வெட்டினார். வெட்டியதில் காசைவிடச் சற்றுப் பெரிய ஓர் இரும்புச் சில்லு மிஞ்சியது. அதில் தன் வீட்டு அடையாளமான இரண்டு கோடுகளைக் கீறினார்.

அமாவாசை அன்று அதைச் சட்டியில் போடப் போனபோதுதான் அருணகிரி கையை நீட்டித் தடுத்தார். சொன்ன வாக்கிலிருந்து அவர் மாறவில்லை. செங்கல்வராயனுக்கு முறை உண்டு என்று ஊர் ஒத்துக்கொண்டாகிவிட்டது. அவர் கவலை வேறு. எல்லாம் மரம், இது இரும்பு. கனத்தில் அடியில் போய்க் கிடக்கும். எவ்வளவு குலுக்கினாலும் கடைசியில்தான் விழும். கடைசி முறை என்றால் மழைக் காலம், புது வெள்ளம், இறால் கலைந்து போயிருக்கும்.

அவர் தன் தோணியிலிருந்து வெட்டிய ஒரு மரச் சில்லை மடியிலிருந்து எடுத்தார். "இதுல உன் கோட்டக் கீறிப் போடு. நானே தரேன். ஒருத்தரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

பெரிய மனசோடுதான் கொடுத்தார். அக்காவின் முகத்தைப் பார்த்தேன். வாங்கிக்கொள்ளட்டும் என்று அவள் நினைப்பது தெரிந்தது. நானும் அதையே நினைத்தேன்.

மாமா அந்தச் சில்லைக் கையில் வாங்கி, பார்த்து, அவர் கையிலேயே திருப்பி வைத்தார்.

"இது உன் தோணி பெரீப்பா. என்னுது இது. கடசியா வந்தா வரட்டும். ஆனா வரணும்."

சட்டிக்குள் இரும்பு விழுந்த சத்தம் கூட்டத்தின் கடைசி வரிசைவரை கேட்டது. அருணகிரி குலுக்கினார். மரச் சில்லுகள் ஒவ்வொன்றாக விழுந்தன. நாற்பத்து இரண்டும் விழுந்து முடிந்த பிறகு, சட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டியதும் இரும்பு விழுந்தது. மாமா கூட்டத்தின் நடுவில், உட்கார்ந்த இடத்திலிருந்து கையை நீட்டி அதை எடுத்துக்கொண்டார்.

அந்த வாரம் என் சட்டைப்பையில் ஒரு கடிதம் இருந்தது. திருவள்ளூர் கோயிலில் கைங்கரியம் செய்யும் எம்பார் என்பவர், என் கல்லூரி நண்பனின் அப்பா, தனக்குத் தெரிந்த ஒரு தொழிற்சாலை மேலாளருக்கு என்னைப் பற்றி எழுதிக் கொடுத்தது. திங்கட்கிழமை அதை மேலாளரிடம் கொடுத்தேன். வேலை கிடைத்தது. கொடுத்தது தப்பு என்று எனக்கு இன்றும் தோன்றவில்லை. தப்பில்லை என்று நானே எனக்கு இத்தனை முறை சொல்லிக்கொள்வது ஏன் என்பதுதான் தெரியவில்லை.

இது 1978. ஊர் இறாலில் பாதி இப்போது அந்த ஜீப்பில்தான் ரோட்டுக்குப் போகிறது. துரு இன்னும் வருகிறது, அவர் இன்னும் சுரண்டுகிறார், பூனைகளும் போகவில்லை. மெல்லிய தகட்டில் இலேசாக ஒரு சில்லு வெட்டிக்கொள்ளலாமே என்று போன ஆவணியில் சொல்லிப் பார்த்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பழைய சில்லைக் கிளிஞ்சலால் தேய்த்துத் துடைத்து எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போனார். அந்த ஆண்டும் கடைசி முறை எங்களுடையது.