எரிமலையில் ஒரு கிணற்றுக் கதை

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அதற்கான கெப்பர், அந்தத் தலைக்கனம், எனக்கு ஒன்பது வயதிலேயே வந்துவிட்டது. எரிமலை பார்க்கப் போகும் வகுப்புச் சுற்றுலாவுக்கு வீட்டிலிருந்து ஒருவர் வரவேண்டும் என்றபோது, அம்மாவைத்தான் கேட்டேன். வந்தது அப்பா. இரவு முழுக்க பஸ் கழுவிவிட்டு, நித்திரையும் கொள்ளாமல், கலியாண வீட்டுக்குப் போடும் சப்பாத்தோடு நோர்வேயின் ரொம்சோஸ் ரயில் நிலையத்தில் நின்றார்.

அந்த எரிமலை அணைந்து கோடிக்கணக்கான ஆண்டுகள். இப்போது அது பாதுகாக்கப்பட்ட காடு. கல்லைத் தொடக்கூடாது, எடுக்கக்கூடாது என்று ரீச்சர் சொன்னதை அப்பாவுக்கு இரண்டு முறை தமிழில் சொன்னேன். "ஓம், ஓம்" என்றார். அடிவாரத்துப் பாறையில் பதிந்திருந்த சிப்பிகளை ரீச்சர் காட்டிக்கொண்டிருக்க, வீட்டுக் கதவு பூட்டும் திறப்பை எடுத்துப் பாறையைத் தட்டினார். வகுப்பே திரும்பிப் பார்த்தது.

"அப்பா, தொடாதேங்கோ."

"தொடேல்லை, தட்டித்தான் பாத்தனான். உது கடல் கல்லு, பிள்ளை. ஊரிலை நாங்கள் கிணறு வெட்டேக்கை இரண்டாள் ஆழத்திலை இதே மாதிரிச் சிப்பி வந்தது. ரீச்சரிட்டைக் கேள், இஞ்சையும் கிணத்துத் தண்ணி உவர்க்குமோ எண்டு."

எரிமலை பார்க்க வந்த இடத்தில் கிணற்றைப் பற்றியா கேட்பது? அப்பா என்ன சொல்கிறார் என்று ரீச்சர் ஆவலோடு என்னிடம் குனிந்தார்.

"அவருக்குக் குளிர்கிறதாம்" என்று நோர்வேஜிய மொழியில் சொன்னேன்.

நல்ல மே மாத வெயில். ஆனால் அப்பா உடனே ஜாக்கெட்டின் கழுத்தை இழுத்து மூடிக்கொண்டார். ரீச்சர் பாவம் பார்த்து, தன் சுடுதண்ணிப் போத்தலிலிருந்து கோப்பி ஊற்றிக் கொடுத்தார். அப்பா இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தார். நெற்றி வேர்த்து வழிந்தது. ஜாக்கெட்டை மட்டும் கழற்றவில்லை. எனக்கு எரிச்சல் தாங்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம், "கிணத்துக் கதை சொன்னனான். பிள்ளை வடிவாச் சொல்லிக் குடுத்தவள். ரீச்சர் கோப்பியும் தந்தவா" என்றார். இந்த மனுசனுக்கு ஒன்றுமே விளங்கவில்லை என்று நினைத்துக்கொண்டு அறைக் கதவைச் சாத்தினேன்.

யாழ்ப்பாணத்து நிலத்தடிப் பாறையும் பழைய கடல்தான் என்பதைப் பல்கலைக்கழகத்தில் படித்தேன். அதற்குப் படிப்புப் போதுமாக இருந்தது. குளிர் என்பது இந்த நாட்டுக்கு வரும் எவரும் முதல் கிழமையிலேயே நோர்வேஜிய மொழியில் பழகிவிடும் சொல் என்பதும், அப்பா அப்போது வந்து பன்னிரண்டு வருடம் என்பதும் எனக்கு உறைக்க இன்னும் சில வருடங்கள் பிடித்தன.