சூரியனுக்கு அடுத்த வீட்டில் பனிக்கட்டி

அவளுடைய மாமியாருக்கு வாய் சும்மா இருக்காது. மருமகள் வேலைக்குப் புறப்பட்டுச் செருப்பை மாட்டும்போதெல்லாம், "உன் கெரகம் இன்னிக்கு எப்படி இருக்கு?" என்று கேட்பார். அவளும் சளைக்காமல், "நல்லா சுத்திட்டிருக்கு அத்தை" என்பாள். அதில் பொய் ஒன்றும் இல்லை. சூரியனை மிக நெருங்கிச் சுற்றும் புதன் கிரகத்துக்கு ஆளில்லாத விண்கலம் ஒன்று போயிருந்தது. அது எடுத்து அனுப்பும் துண்டுப் படங்களை ஒன்றோடொன்று இணைத்து வரைபடமாக்குவதுதான் அவள் பிழைப்பு. தெருவில் அவளுக்குக் 'கெரகக்காரி' என்ற பெயரே நிலைத்துவிட்டது.

அதற்கு முன்னால் அவள் விளம்பரத் தட்டிகள் அச்சிடும் இடத்தில் இருந்தாள். நடிகரின் மூக்கு ஒரு தாளிலும் மீசை அடுத்த தாளிலும் அச்சாகி வரும். இரண்டும் சேரும் இடத்தில் கோடு தெரியாமல் ஒட்ட வேண்டும். அச்சகத்தை இழுத்து மூடியபோது, படங்களைக் கணினியில் இணைக்க ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு விண்வெளி மையத்துக்குப் போனாள். மீசையை ஒட்டியவளுக்கு மலையை ஒட்டுவதா பெரிய வேலை என்று நினைத்துக்கொண்டாள்.

ஆனால் மீசை இருந்த இடத்தில் இருக்கும். இந்தக் கிரகத்தின் நிழல்கள் அப்படி இல்லை. ஒரே குழியை விண்கலம் ஒருமுறை காலை வெயிலில் எடுத்திருக்கும், இன்னொருமுறை சாயங்கால வெயிலில். ஒன்றில் வலப்பக்கம் கிடந்த நிழல் மற்றதில் இடப்பக்கம் போய்ப் படுத்திருக்கும். இரண்டையும் சமாதானப்படுத்தி ஒரு நிலமாக்குவதற்குள் கண் பூத்துவிடும்.

அங்கே ஒரு நாள் அங்குள்ள ஒரு வருஷத்தைவிட நீளம் என்று அவளுடைய குழுத்தலைவி சொன்னார். சில இடங்களில் சூரியன் உதித்து, கொஞ்சம் தயங்கி, வந்த வழியே இறங்கி, மறுபடி உதிக்குமாம். அதைக் கேட்ட நாளிலிருந்து அந்தத் தயக்கம் அவளைப் பிடித்துக்கொண்டது. வீட்டில் சட்டைக்கு இஸ்திரி போடும்போது, வெறும் கற்பரப்பில் நிழல்கள் நீண்டு, சுருங்கி, மீண்டும் நீள்வதை மனசுக்குள் பார்த்துக்கொண்டே நின்றுவிடுவாள். கணவர் வந்து இஸ்திரிப் பெட்டியைக் கையிலிருந்து வாங்கி வைப்பார்.

அவர் ஃப்ரிட்ஜ் பழுதுபார்ப்பவர். நல்ல மனுஷன்தான். ஆனாலும் பேசிக்கொண்டிருக்கும்போதே மனைவி எங்கோ போய்விடுகிறாள் என்ற வருத்தம் அவருக்கு உள்ளூர உண்டு. சண்டை போடவில்லை. அன்றாடம் பார்த்தது கேட்டதை அவளிடம் சொல்வதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டார். அது அவளுக்குத் தெரியவே வெகுகாலமாயிற்று. தெரிந்தபோது சுருக்கென்றது.

அன்று சாப்பிடும்போது அவளாகவே பேச்சை எடுத்தாள். அந்தக் கிரகத்தின் துருவத்தில் வெயிலே படாத ஆழமான குழிகள் இருக்கின்றன, அவற்றில் பனிக்கட்டி உறைந்து கிடக்கிறதாம் என்றாள்.

அவர் கவளத்தை நிறுத்தினார். "அடுப்புப் பக்கத்துலயே உக்காந்திருக்கிற கெரகத்துல ஐஸா? அங்க யாரு கேஸ் நிரப்பறாங்க?"

மாமியார் புரையேறச் சிரித்தார். அவளும் சிரித்துவிட்டு, சூரியன் அங்கே அடிவானத்தோடு ஒட்டியே போகிறது, வெளிச்சம் குழிக்குள் இறங்குவதில்லை, சூட்டைக் கொண்டுபோகக் காற்றும் இல்லை என்று விளக்கினாள். காற்று இல்லையென்றால் சூடு பரவாதுதான் என்று அவர் தொழில்காரராகத் தலையாட்டினார். பிறகு கேள்வி மேல் கேள்வி கேட்டார். சாப்பிட்ட கை காய்ந்துபோகும்வரை இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அவளுடைய வரைபடத்தில் அந்தக் குழிகள் வெறும் கறுப்பு. சூரியவெளிச்சம் எதிர்ச்சுவரில் பட்டுச் சிதறி உள்ளே கொஞ்சமாவது விழும், கேமராவை நெடுநேரம் திறந்து வைத்தால் அது போதும் என்று குழுத்தலைவி நம்பினார். விண்கலத்துக்கு அப்படியே கட்டளை போயிற்று. வந்த படங்கள் புகைபிடித்த கண்ணாடி மாதிரி இருந்தன. அவள் ஒவ்வொன்றாகச் சேர்த்து, வெளிச்சத்தை மெல்ல மெல்லக் கூட்டிக்கொண்டே போனாள்.

கறுப்பு கரைந்தது. அடியில் ஒரு தரை மிதந்து மேலே வந்தது. சின்னச் சின்னக் குழிகள், ஒரு மேடு, அதன் ஓரத்தில் மங்கலாக வெளுத்த ஒரு பரப்பு. தூங்கும் குழந்தையின் முகத்தை விளக்கில்லாமல் பார்ப்பது போலிருந்தது. யாரையும் கூப்பிட அவளுக்குத் தோன்றவில்லை, மூச்சைக்கூட மெதுவாக விட்டாள். பின்னால் வந்து நின்ற குழுத்தலைவி, "தரை தெரியுதும்மா" என்றார்.

குடும்பத்தாரை உள்ளே விட்ட நாளில் கணவரையும் மாமியாரையும் அழைத்துப்போய்க் காட்டினாள். இந்தக் கிரகம், பாவம், யாரையும் பிடித்து ஆட்டுகிற மாதிரித் தெரியவில்லையே என்று மாமியார் தீர்ப்புச் சொல்லிவிட்டு, உட்கார நாற்காலி தேடிப் போனார். கணவர் மட்டும் திரையை விட்டு நகரவில்லை. எவ்வளவு காலமாக உறைந்திருக்கும் என்று கேட்டார். கோடிக்கணக்கான வருஷம் இருக்கலாம், சரியாகத் தெரியாது என்றார் குழுத்தலைவி.

"ஒருதடவைகூட கரண்ட் போகல" என்று கணவர் முணுமுணுத்தார். பிறகு மனைவியைப் பார்த்து, "இத்தனை நாள் நீ இங்கதான் இருந்தியா?" என்று கேட்டார். அதில் குற்றச்சாட்டு இல்லை.

சில வருஷங்களில் விண்கலத்தின் எரிபொருள் தீர்ந்தது. சூரியனின் இழுப்பில் அதன் பாதை தாழ்ந்துகொண்டே வந்து, கிரகத்தின் மறுபக்கத்தில் யார் கண்ணிலும் படாமல் விழுந்தது. உயிரோடு இருந்தால் இந்நேரம் கிரகத்தின் பின்னாலிருந்து வெளியே வந்து குரல் கொடுத்திருக்கும் என்று மையத்தில் எல்லோரும் காத்து நின்றார்கள். குரல் வரவில்லை. யாரோ கைதட்டினார்கள், மற்றவர்களும் தட்டினார்கள். அவள் கணினியை அணைத்துவிட்டுக் கிளம்பினாள்.

கணவர் கருவிப்பையோடு பேருந்து நிறுத்தத்தில் காத்திருந்தார். வண்டியில் ஏறிய பிறகு, விழுந்துவிட்டது என்று மட்டும் சொன்னாள். அவர் பையைக் காலடியில் வைத்து அவளுக்கு இடம் கொடுத்தார். அவள் அவர் தோளில் சாய்ந்து, கண்ணை மூடாமல், வெளியே கட்டடங்களின் நிழல்கள் நீள்வதைப் பார்த்துக்கொண்டே வந்தாள். அவர்கள் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது. அவர் எழுந்திருக்கவில்லை. நடத்துநர் அருகே வந்தபோது, கடைசி வரைக்கும் போகிறோம் என்று தாழ்ந்த குரலில் சொல்லி இன்னும் இரண்டு சீட்டு வாங்கினார்.