மோகனராஜின் வலது கன்னம்

சிவப்பு விளக்கில் பஸ் நின்றதும் மோகனராஜின் கை தானாகப் பக்கத்துக் கம்பிக்குப் போகும். அங்கே தொங்கும் ஈரத்துண்டை எடுத்து வலது கன்னத்தில் ஒத்திக்கொள்வார். இடது கன்னத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. "அது ஏர்கோன் காத்துல சொகுசா உக்காந்திருக்குலா. வெயில்ல வேலை செய்யறது இதுதான்" என்பார்.

இருபது வருஷத்துக்கும் மேலாக ஜெலுத்தோங் வழியே பஸ் ஓட்டுகிறார். காலையில் வடக்கே டவுனைப் பார்த்துப் போகும்போது சூரியன் வலது ஜன்னலில் இருக்கும். பிற்பகலில் தெற்கே திரும்பினால் அப்போதும் வலது ஜன்னலில்தான். அதனால் மூக்குத்தண்டை எல்லையாக வைத்து அவர் முகம் இரண்டாகப் பிரிந்துவிட்டது. இடது பாதி மாநிறம். வலது பாதி நன்றாக வறுத்த காப்பிக்கொட்டை.

பயணிகளுக்கு அவரே பெயர் வைத்திருக்கிறார். சந்தையிலிருந்து மீன் கூடையோடு ஏறுபவர் 'பாசார் அக்கா'. மருந்துப் பையோடு ஏறுபவர் 'கிளினிக் அண்ணே'. யாராவது தூரத்தில் கையாட்டிக்கொண்டு ஓடி வந்தால் கதவைத் திறந்து வைத்துக் காத்திருப்பார். உள்ளே இருப்பவர்கள் முணுமுணுத்தால், "நாளைக்கு நீங்க ஓடி வருவீங்க, அப்பவும் நிப்பேன்லா" என்று வாயை அடைத்துவிடுவார்.

இத்தனை பேச்சுக்காரர் படம் எடுக்கும்போது மட்டும் ஒடுங்கிப்போவார். தம்பி மகன் கல்யாணத்தில் புகைப்படக்காரர் ஒருவர், "அண்ணே, அந்தப் பாதி மூஞ்சிக்கு மட்டும் லைட் அடிக்கணும் போலிருக்கே" என்று சொல்ல, மண்டபமே சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார். அதற்குப் பிறகு எந்தக் கல்யாணத்திலும் வரிசையின் கோடிக்குப் போய், மணமக்களைப் பார்க்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். மனைவி ரமணி கேட்டால், "கழுத்து சுளுக்கு" என்பார்.

மகள் காமினிக்கு கர்னி டிரைவ் பக்கத்துப் பேரங்காடியில் வேலை கிடைத்தது. விலை உயர்ந்த அழகுப் பொருள்கள் விற்கும் கடை. முகத்தைப் பளிச்சிட வைக்கும் மாஸ்க் ஒன்றுதான் அங்கே ராஜா. முத்துத்தூள் கலந்த ஏதோ நீரில் ஊறிய மெல்லிய துணி. தங்க நிறப் பெட்டி. அந்தப் பெட்டியின் விலையில் வீட்டுக்கு ஒரு வாரத்துப் பாசார் முடிந்துவிடும். காமினி இன்னும் தற்காலிகம்தான். பேரங்காடியின் நடுக்கூடத்தில் மேடை போட்டு, மக்கள் முன்னால் அந்த மாஸ்க்கை ஒருவருக்குப் போட்டுக் காட்ட வேண்டும். அது நன்றாக நடந்தால் வேலை நிரந்தரம். அந்த வாரம் முழுக்க அவள் அம்மாவின் முகத்தில் ஈர டிஷ்யூ ஒட்டிப் பேசிப் பழகினாள். மோகனராஜ் பேப்பர் படிப்பதுபோல் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை மதியம் ஷிப்ட் முடிந்ததும் சீருடையைக்கூட மாற்றாமல் அங்கே போனார். மகளுக்குத் தெரியக்கூடாது என்று ஒரு தூணுக்குப் பின்னால் நின்றார்.

மேடையில் சாய்வு நாற்காலி காலியாகக் கிடந்தது. காமினி கையில் ஒலிவாங்கியோடு, பழகிய வரிகளை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். மேலாளர் பிரமிளா போனை இறக்கிவிட்டு அவளிடம் வந்தார். "மாஸ்க் போட்டுக்க வேண்டிய மோடல் பொண்ணு பட்டர்வொர்த்துல இருந்து வர்றா, பாலத்துல ஜாம்ல மாட்டிக்கிட்டாளாம். கூட்டத்துல யாரையாவது கூப்பிடு. வரலைன்னா மூடிடலாம்."

காமினி கூப்பிட்டாள். மலாயிலும் ஆங்கிலத்திலும் தமிழிலும் கூப்பிட்டாள். பெண்கள் சிரித்தபடி பின்வாங்கினார்கள். சிலர் நகர்ந்தே போனார்கள். பிரமிளா விளம்பரப் பலகையைச் சுருட்டக் குனிந்தார்.

மோகனராஜ் தூணை விட்டு வெளியே வந்தார். தொப்பியைக் கழற்றி இடுக்கிக்கொண்டு நேரே மேடையேறி நாற்காலியில் சாய்ந்தார். மேலே இருந்த விளக்குகளின் வெளிச்சமெல்லாம் முகத்தின் இரண்டு பாதியிலும் விழுந்தது. கூட்டத்தில் யாரோ 'க்ளுக்' என்று சிரித்தார்கள்.

காமினி குனிந்தாள். "அப்பா, நீங்க எப்ப வந்தீங்க? வேணாம்பா. எல்லாரும் சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும்லா. ஆளு நிக்கிறாங்கல்ல? நீ வேலையைப் பாரு."

துணி முகத்தில் படிந்ததும் அவருக்கு உடம்பே ஒருமுறை குலுங்கியது. அப்படி ஒரு குளிர்ச்சி. கண்ணுக்கு இரண்டு ஓட்டை, மூக்குக்கு ஒன்று, வாய்க்கு ஒன்று. புதுக் கார்க் கதவைத் திறந்தால் வருமே, அதுபோல ஒரு வாசம். காமினியின் விரல்கள் ஓரங்களை ஒட்டவைத்தன. வலது கன்னத்தில் வந்தபோது இன்னும் மெதுவாக அழுத்தின. கண்ணை மூடினார். காமினியின் குரல் எங்கோ தள்ளிப் போயிற்று.

அடுத்து ஒரு குறட்டை. ஒலிவாங்கி பக்கத்தில் இருந்ததால் கூடம் முழுக்கக் கேட்டது. கூட்டம் வெடித்துச் சிரித்தது. மாடிப்படிக் கைப்பிடியில் சாய்ந்து மேல்தளத்துக்காரர்களும் எட்டிப் பார்த்தார்கள். காமினிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "இவர் எங்கப்பா. விடியறதுக்கு முன்னாடி எழுந்து பஸ் ஓட்டுறவர்" என்றாள். அதற்குப் பிறகு வீட்டில் பழகிய வரிகள் தடையில்லாமல் வந்தன.

கால் மணி நேரம் கழித்துத் துணியை உரித்தபோது போனவர்களைவிட வந்தவர்களே அதிகம். முகம் ஈரமாக மின்னியது. ஆனால் இடது பாதி மாநிறம்தான், வலது பாதி காப்பிக்கொட்டைதான். அப்போதுதான் வந்து சேர்ந்த அம்மா ஒருவர் வாயைப் பிளந்தார். "ஐயோ, ஒரு பக்கம் என்னா வெளுப்பு! இந்தப் பக்கம் மட்டும்தான் போட்டீங்களா?"

பிரமிளாவின் கண் மலர்ந்தது. 'ஆமாம் என்று சொல்லுங்கள்' என்று தலையாலேயே கெஞ்சினார். ஒரே ஒரு சொல். மகளின் வேலை அதில்தான் தொங்குகிறது என்று மோகனராஜுக்குப் புரியாமல் இல்லை. காமினியைப் பார்த்தார். அவள் ஒலிவாங்கியை அவர் பக்கம் நீட்டினாள்.

"இல்லம்மா" என்று இடது கன்னத்தைத் தொட்டார். "இந்தப் பக்கம் எங்கம்மா கொடுத்தது. அந்தப் பக்கம் பஸ் கொடுத்தது. இத்தனை வருஷ வெயிலு, ஒரு துணியில போயிடுமா? போகலை. பொய் சொன்னா நாளைக்கு நீங்க என் பஸ்ல ஏறி என்னைத் திட்டுவீங்கலா."

பிரமிளா கண்ணை மூடிக்கொண்டார்.

"ஆனா ஒண்ணு. தினம் சாயங்காலம் இந்தக் கன்னம் அடுப்புல வெச்ச மாதிரி எரியும். இப்ப எரியலை. பகல்ல நான் தூங்கி எத்தனையோ வருஷமாச்சு. இன்னிக்கு உங்க எல்லாரு முன்னாடியும் குறட்டை விட்டிருக்கேன். வேற என்னா சொல்ல?"

முதலில் கை தூக்கியவன் சாப்பாடு கொண்டுபோகும் மோட்டார் சைக்கிள்கார இளைஞன். தலைக்கவசத்தை இடுப்பில் அணைத்திருந்தான். வெயிலில் தோல் உரிந்த மூக்கைத் தடவியபடி, "அங்கிள், எனக்கு ஒண்ணு" என்று கேட்டான். அவனுக்குப் பின்னால் 'ஒரு பக்கம் வெளுப்பு' அம்மா நின்றார். அவருக்குப் பின்னால் வரிசை ஒன்று வளைந்து நகரும் படிக்கட்டுவரை போயிற்று. தங்க நிறப் பெட்டிகள் அடுக்கிலிருந்து இறங்கிக்கொண்டே இருந்தன. அடுக்கு காலியானதும் கிடங்கிலிருந்து இன்னும் கொண்டுவர ஓர் ஆள் ஓடினார்.

பிரமிளா காமினியின் தோளைத் தொட்டார். "திங்கக்கிழமை ஆபீசுக்கு வா. நிரந்தரக் கடிதம் தர்றேன்." பிறகு நாற்காலிப் பக்கம் திரும்பி, "அங்கிள், அடுத்த சனிக்கிழமையும் வர்றீங்களா?" என்றார்.

"டியூட்டி இருக்குலா" என்றார் மோகனராஜ், பெரிய நட்சத்திரம்போல.

காமினி ஓடி வந்து அவர் கையில் ஒரு கண்ணாடியைத் திணித்தாள். "எப்படி மின்னுறீங்க பாருங்கப்பா!" என்று சொல்லிவிட்டு வரிசைக்கே திரும்பி ஓடினாள். அவர் அதைத் தூக்கிப் பிடித்தார். தன் முகத்தைப் பார்க்கவில்லை. கண்ணாடியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்தார். பின்னால் வாடிக்கையாளர் நடுவே நிமிர்ந்து நின்று பேசிக்கொண்டிருந்த காமினி அதற்குள் வந்ததும், கையை அசைக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டார்.